பத்தாம் நம்பர் கம்பி

எங்கள் இன்னிசைக் குழுவின் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். எழுத்தில் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

கிதார் வாசிக்கிறவர்கள் பல பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "அண்ணே, அம்பத்தாறு வயசுக்கு மேல ஏன் பத்தாம் நம்பர் கம்பிக்கு மாறுனீங்க? ஏன் சுருதிய ஒரு கட்டை இறக்கியே வாசிச்சீங்க?" என்று. "சத்தம் கனமா வரும்டா, அதுக்குக் கை வேணும்" என்று சொல்லி மீசையைத் தடவிக்கொள்வேன். அது பொய். நிஜத்தை எழுதலாமா என்று, எங்கள் குழுவில் பாடிய எஸ்தர் டீச்சரைக் கேட்டேன். "எழுதுங்கண்ணே. இனிமே என்னை யாரு மேடைக்குக் கூப்புடப் போறா?" என்றார். அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் முத்தாண்டிக்குப்பம். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு முந்திரி மரம் கிடையாது. ஊரார் தோப்பில் கொட்டை பொறுக்கினோம். பதினெட்டு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. கரி போகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை மண்வெட்டியால் வாரித் திரும்பப் போட வேண்டும். என் உள்ளங்கையில் குண்டூசி இறங்காது. சர்ச்சில் கழித்துப் போட்ட ஒரு கிதாரை வாங்கி, டீக்கடை டேப்பில் பாட்டைக் கேட்டுக் கேட்டு நானே பழகினேன். வாத்தியார் என்று ஒருத்தர் காலில் நான் விழுந்ததில்லை.

தேவராஜ் மாஸ்டரின் குழுவில் நான் சேர வந்தபோது அவர் ஒரு பாட்டை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இந்த எடத்துல என்ன ஸ்வரம்?" என்றார்.

"மூணாவது கம்பி, அஞ்சாவது கோடுங்க" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. "நாளைக்கு வா" என்றார். அன்றிலிருந்து முப்பது வருஷம் நான்தான் அந்தக் குழுவின் கிதார். எந்தப் பாட்டாக இருந்தாலும் எத்தனாவது கம்பி, கிதார் கழுத்தில் பதித்த எத்தனாவது கோடு என்று விரலில் வைத்திருந்தேன். சுருதியை மாற்றிப் பாடினால் மட்டும் எனக்குக் கணக்குக் குழம்பும். அது குழுவுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்மாவட்டத்து ஆள். சுரங்க ஒர்க்‌ஷாப்பில் பர்மனென்ட். வாரத்துக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். எதையும் செய்யச் சொல்வார். எதற்கு என்று சொல்ல மாட்டார். யாராவது தப்பாக வாசித்தால் முறைக்க மாட்டார், கத்த மாட்டார். கையைத் திருப்பி வாட்சைப் பார்ப்பார். அவ்வளவுதான். திட்டு வாங்கிவிடலாம், அந்த வாட்ச் பார்வையை வாங்க முடியாது. கோபம் முற்றினால்தான் அவர் வாயில் ஊர்ப் பேச்சு வரும். முப்பது வருஷத்தில் எனக்கு அது ஒரே ஒரு தடவை வந்தது.

அவர் மனைவிதான் எஸ்தர் டீச்சர். டவுன்ஷிப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். மேடையில் எங்கள் குழுவுக்கு அவர் குரல்தான் பெயர் வாங்கித் தந்தது. இதை நான் சொல்வது பெரிய விஷயம், ஏனென்றால் என் கிதார் பெயர் வாங்கித் தந்தது என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முந்திரித் தோப்புகளைப் புயல் சாய்த்துப் போட்டதே, அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது. அந்த வருஷம் எனக்கு ஒரு ரகசியம் வந்திருந்தது. இடது கை மோதிர விரலின் நடு முட்டி வீங்கிவிட்டது. காலையில் மடக்கினால் துருப்பிடித்த கீல் மாதிரி முனகும். வெந்நீரில் வைத்து, நீவி, பத்து மணிக்கு மேல்தான் வழிக்கு வரும். வீட்டில் என் மனைவி தனத்துக்கு மட்டும் தெரியும். குழுவில் தெரிந்தால் என் நாற்காலி போய்விடும் என்று பயந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து மாஸ்டரின் மைத்துனர் மகன் பிரவீன் புதுக் கீபோர்டு வாங்கி வந்தான். டிப்ளமோ படித்தவன். என்னை "அங்கிள்" என்பான். முதல் நாளே ஒரு பட்டனை அழுத்தி, "இதுல கிதார் டோன் இருக்கு அங்கிள், கேக்குறீங்களா?" என்று வாசித்துக் காட்டினான். தகர டப்பாவில் கொசு மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஆனால் கிதார்தான் என்று சொன்னால் கேட்கிறவன் நம்புவான். என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

பிறகு ஒன்றொன்றாகக் கண்ணில் பட்டது. மூன்று வாரம் பிராக்டீஸுக்கு டீச்சர் வரவில்லை; ஸ்கூலில் பரீட்சை என்றார்கள். மே மாசம் ஸ்கூலில் என்ன பரீட்சை? ஒரு நாள் மாஸ்டரின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். மாஸ்டரும் பிரவீனும் குனிந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்து எட்டிப் பார்த்த டீச்சர் முந்தானையைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். வாங்கண்ணே என்று ஒரு வார்த்தை இல்லை. முப்பது வருஷத்தில் அந்த வீட்டில் எனக்கு ஒரு வாய் காப்பி கிடைக்காத நாள் அது.

வாசலில் மாஸ்டர் ஒரு பாக்கெட்டை என் கையில் வைத்தார்.

"இது பத்து. ஒம்பதைக் கழட்டிட்டு இதைப் போடு."

"எதுக்கு மாஸ்டர்? ஒம்பது நல்லாத்தானே பேசுது?"

"போடு. மத்தது அப்புறம் சொல்றேன்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒன்பது, பத்து என்பது முதல் கம்பியின் கனம். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒன்பது பங்கு, பத்து பங்கு; மற்ற ஐந்தும் அதே கணக்கில் தடித்துக்கொண்டு போகும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விரலுக்குத் தெரியும். கனம் கூடினால் அதே சுருதிக்கு ஏற்ற இன்னும் இறுக்க வேண்டும். இறுக்கினால் அழுத்துவது கஷ்டம், கம்பியை வளைத்து இழுப்பது அதைவிடக் கஷ்டம். வீங்கின முட்டிக்காரனுக்கு ஏன் கனத்த கம்பி கொடுக்கிறார்கள்? யோசித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். முத்தாண்டிக்குப்பம் வருவதற்குள் பதில் கிடைத்துவிட்டது. விரல் விஷயம் தெரிந்துவிட்டது. போ என்று சொல்ல வாய் வரவில்லை; நானாகவே முடியவில்லை என்று எழுந்து போக வேண்டும். அந்த இடத்தில் பிரவீனின் பட்டன் வந்து உட்காரும்.

தனத்திடம் சொன்னேன்.

"பத்தோ பன்னண்டோ, கம்பிதானே? கயிறா குடுத்தாரு தொங்கறதுக்கு?" என்றாள். "எப்பப் பாரு எவன் கவுக்கறான் எவன் கவுக்கறான்னு பாத்துகினே கெட. கேக்கறதுதானே அவரையே?"

கேட்கவில்லை. போட்டுப் பார்த்தேன். ஒரே நேரத்தில் ஆறையும் கழற்றக் கூடாது. கழுத்துக் கட்டையும் பின்னால் இருக்கிற ஸ்பிரிங்கும் திடீரென்று சுமை இழந்து மனம் மாறிவிடும். ஒன்றைக் கழற்றி, சுரங்கத் தூசி உட்கார்ந்த இடத்தைத் துடைத்து, புதுசை மாட்டி, சாவியில் மூன்று சுற்று சுற்றி, கம்பியை நடுவில் பிடித்து இழுத்துத் தளர்வை எடுத்து, பிறகு அடுத்தது. ஆறும் முடித்து எப்போதும் வைக்கிற சுருதிக்கு ஏற்றினேன். ஸ்பிரிங்கை மீறி, கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜ் முன்னால் தூக்கிக்கொண்டது. மூன்றாவது கம்பியை வளைத்து இழுத்தேன். முட்டியில் சுரீர் என்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போது நான் ஒரு வேலை செய்தேன். பாக்கெட்டின் தடித்த கம்பிகள் மூன்றை மட்டும் விட்டுவைத்தேன். மெல்லிய மூன்றையும் கழற்றிவிட்டுப் பழைய ஒன்பதையே மாட்டினேன். பார்க்கிறவர் கண்ணில் படுவது புதுசாக மின்னுகிற தடித்த கம்பிதானே. அடுத்த பிராக்டீஸில் மாஸ்டர் தூரத்திலிருந்து பார்த்தார். தலையை ஆட்டினார். சுரங்கத்து இன்ஜினியரையே ஏமாற்றியவன் நான், ஒர்க்‌ஷாப் ஆளை ஏமாற்ற மாட்டேனா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஜூன் மாசம் டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கில் பிள்ளையார் கோயில் விழா. சாயங்காலம் ஆறரை மணிக்கு நிகழ்ச்சி. டீச்சர் காரிலிருந்து இறங்கி நேரே மேடைக்குப் பின்னால் போய் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்துவிட்டார். மைக் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தபோது மாஸ்டர் என் காதருகே வந்தார்.

"ஒரு கட்டை இறக்கிடு. எல்லாக் கம்பியும்."

"இப்பவா? எதுக்கு மாஸ்டர்?"

"இறக்குன்னா இறக்கு." தபேலாக்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

முதல் கம்பியைத் தளர்த்தினேன். இரண்டாவது, மூன்றாவது. மெல்லிசுக் கம்பியை ஒரு கட்டை இறக்கினால் என்ன ஆகும்? துணி காயப்போட்ட கொடி மாதிரி தொங்கும். இழுப்பு போனதும் பிரிட்ஜ் பின்னால் படுத்துக்கொண்டது. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கலைகிறது. அழுத்தினால் கோட்டில் உரசி "ட்ரர்" என்கிறது. வியர்த்துக் கொட்டியது. நிமிர்ந்தால் பிரவீன் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"ரெடியா அங்கிள்?"

கனத்த கம்பி என்னை விரட்டவில்லை. அதனால் இப்போது நிறைந்த சபையில் கேவலப்படுத்துகிறார்கள். எனக்கு அப்படித்தான் பட்டது. இந்த ஏழுமலையா கொக்கா? ஆறு கம்பியையும் பழைய சுருதிக்கே ஏற்றினேன். ஏற்றின கையோடு, "ரெடி" என்றேன்.

கடவுள் வாழ்த்துக்குக் கிதார் கிடையாது. அடுத்தது டீச்சரின் மழைப் பாட்டு. ஊரே எதிர்பார்க்கிற பாட்டு. என் கிதார் தனியாகத்தான் அதைத் தொடங்கும். அதிலிருந்துதான் டீச்சர் சுருதி எடுப்பார். நான் தொடங்கினேன். அவர் முதல் வரியைப் பாடினார். பாடிய வாயோடு திரும்பி என்னைப் பார்த்தார். பிரவீன் கீபோர்டில் கை வைத்தான். அவன் சத்தம் ஒரு கட்டை கீழே இருந்து வந்து மோதியது. சட்டென்று பட்டனை இரண்டு தட்டுத் தட்டி என் சுருதிக்கு ஏறிக்கொண்டான். எல்லாரும் என்னோடுதான் வர வேண்டியிருந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பல்லவி போயிற்று. சரணத்தில் மூன்றாவது வரி மேலே ஏறும். ஆயிரம் தடவை அந்தப் படியில் ஓடி ஏறியவர் டீச்சர். அன்று ஏறினார், குரல் வரவில்லை. உடையவில்லை, பிசிறவில்லை, வரவே இல்லை. உதடு அசைந்தது. மைக்கில் வெறும் காற்று.

"மைக்க பாருப்பா!" என்று யாரோ கத்தினார்கள். மைக்செட்காரர் ஓடி வந்து தட்டினார். டங் டங் என்று நன்றாகவே கேட்டது. டீச்சர் மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, கழுத்தைத் தொட்டுக்கொண்டு, படி இறங்கிப் போய்விட்டார். முன்வரிசையில் அவரிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

இடைவேளையில் மாஸ்டர் மேடைக்குப் பின்னால் வந்தார். என் கிதாரின் முதல் கம்பியை விரல் நுனியில் உருட்டிப் பார்த்தார்.

"ஒம்பது" என்றார். பிறகு, "மாத்தலியா, வே?"

அன்று அவர் வாட்சைக்கூடப் பார்க்கவில்லை. நடந்து போய்விட்டார்.

பிரவீன்தான் என்னைப் பிடித்துக்கொண்டான். "அத்தைக்குத் தைராய்டு கட்டி எடுத்து ரெண்டு மாசம் ஆவுது அங்கிள். மேல் ஸ்தாயி திரும்ப வருமான்னு டாக்டருக்கே தெரியல. ஒரு கட்டை கொறச்சா பாடிருவாங்க. யாருக்கும் தெரியாம பாடட்டும்னு மாமா பாத்தாரு. குரல் வந்துட்டா சொல்லவே வேணாமேன்னு கடைசி வரைக்கும் பாத்தாரு."

"அதுக்கு என் கம்பிய ஏன்டா மாத்தணும்?"

"சுருதி மாத்துனா உங்களுக்கு வராதுல்ல? கிதாரையே இறக்கிட்டா நீங்க வாசிக்கிற எடத்துலயே வாசிக்கலாம். ஒம்பது இறக்குனா தொங்கும். பத்தை ஒரு கட்டை இறக்குனா ஒம்பது மாதிரியே இருக்கும், அழுத்தறதுக்கு ஒரு பொட்டு கூட ஜாஸ்தி ஆகாது. உங்க கைக்குன்னு கணக்குப் போட்டு வாங்குனாரு."

நான் நம்பவில்லை. அத்தை பாட்டு நின்றதற்கு என் தலையில் பழியைக் கட்டக் கதை சொல்கிறான் என்றே நினைத்தேன். என் கை சொல்வதைத் தவிர வேறு யார் சொல்வதையும் நான் நம்பியதில்லை. மறுநாள் காலையில் விரலுக்கு வெந்நீர் வைப்பதற்கு முன்பே கிதாரை எடுத்தேன். பாக்கெட்டில் மிச்சமிருந்த மெல்லிய மூன்றையும் ஒவ்வொன்றாக மாட்டினேன். மூன்று சுற்று, இழுத்துத் தளர்வெடுத்தல், எல்லாம் முறைப்படி. ஆறையும் ஒரு கட்டை கீழே வைத்தேன். பிரிட்ஜ் தூக்கவும் இல்லை, படுக்கவும் இல்லை. பலகைக்குச் சமமாக நின்றது. வீங்கின விரலால் மூன்றாவது கம்பியை வளைத்து இழுத்தேன். ஒன்பதை இழுப்பதுபோலவே வந்தது.

தனம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா, பூதம் வந்துச்சா உள்ள இருந்து?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து டீச்சர் தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார். முந்தானையைச் சுற்றவில்லை. கழுத்தில் சங்கிலி போட்ட இடத்தில் தழும்பு தெரிந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தெரிஞ்சு செஞ்சீங்களாண்ணே?"

"இல்ல டீச்சர்." அவர் பார்த்துக்கொண்டே நின்றார். "ஒங்க தொண்டை எனக்குத் தெரியாது. என்னைக் கவுக்கறாங்கன்னு நெனச்சுகினு வேணும்னேதான் ஏத்துனேன்."

"நான்தான் அவர்கிட்ட உங்களுக்குச் சொல்லாதீங்கன்னேன்."

"ஏன் டீச்சர்?"

"உங்க வாய்க்குப் பயந்து. காலையில உங்ககிட்ட சொன்னா மத்தியானம் பண்ருட்டி பஸ் வரைக்கும் போயிருமே." சொல்லிவிட்டு என் இடது கையைப் பார்த்தார். "அந்த விரல் வீங்கி அஞ்சாறு மாசம் ஆச்சு. மேடையில எல்லாருக்கும் தெரியும். நாங்க யார்கிட்டயாவது சொன்னமா?"

இடது கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"வர்ற சனிக்கிழமை சேத்தியாத்தோப்புல புரோகிராம்," என்றார். "வேற பொண்ண ஏற்பாடு பண்ணுங்கன்னு விழாக்காரங்க அவருக்கு போன் பண்ணிட்டாங்க. அன்னிக்கு வராதது சுருதினாலயா, இல்ல குரலே போயிருச்சான்னு எனக்குத் தெரியணும். வாசிங்க. கீழ எறக்கியும் வரலேன்னா நான் இனிமே மைக்கத் தொட மாட்டேன்."

என்னுடையது எலக்ட்ரிக் கிதார்; வீட்டில் ஸ்பீக்கர் இல்லை. வெறும் கம்பிச் சத்தம், ஈ பறக்கிற அளவுக்குத்தான் வரும். மழைப் பாட்டைத் தொடங்கினேன். டீச்சர் நின்றபடியே பாடினார். பல்லவியில் சின்னக் கரகரப்பு. சரணம் வந்தது. முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவது வரிக்கு முன்னால் அவர் மூச்சு எடுத்தார். ஏறினார். வந்தது. பழைய பளபளப்பு இல்லை, பழைய வீச்சு இல்லை, ஆனால் முழுசாக வந்து மேலே நின்றது. பாத்திரம் தேய்த்த கையோடு தனம் கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ," என்றார் டீச்சர். வாசித்தேன். "இன்னொரு தடவ." மூன்று தடவையும் வந்தது. அப்புறம்தான் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"நான் வரேன்னு அவர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க," என்றார்.

சொன்னேன். மாஸ்டர் கேட்டுக்கொண்டார். "கம்பி?" என்றார். "ஆறும் பத்து," என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. விழாக்காரர்களுக்கு அவரே போன் போட்டு, பாடப் போவது பழைய ஆள்தான், வேண்டாமென்றால் குழுவே வராது என்றார். ஒரே மூச்சில் அவர் அத்தனை வார்த்தை பேசி அன்றுதான் கேட்டேன்.

சேத்தியாத்தோப்பு மேடையில் மழைப் பாட்டின் முறை வந்தது. நான் தொடங்க வேண்டும். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். மைக்கை மூடிக்கொண்டு முழுசாக என் பக்கம் திரும்பி நின்றார். என்ன வேண்டும் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முதல் கம்பியை ஒரு தடவை தட்டினேன். காதைச் சாய்த்துக் கேட்டார். ஒரு கட்டை கீழே இருக்கிறது என்று தெரிந்த பிறகு தலையசைத்தார். அப்புறம்தான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அன்று மூன்றாவது வரி வந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். சுருதி இறங்கியதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் பீற்றிக்கொள்ளாமல் விட்ட ஒரே விஷயம் என் வாழ்க்கையில் அதுதான்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் அவர் பாடினார். என்னோடு நன்றாகப் பேசினார், காப்பியும் கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு மேடையிலும் பாட்டுத் தொடங்குமுன் மைக்கை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்புவார். பார்க்கிறவர்கள் அதை ஒரு ஸ்டைல் என்று நினைத்தார்கள்; வேறு குழுவில் பாடுகிற பெண்கள் சிலர் அதே மாதிரி திரும்பிப் பார்க்கவும் ஆரம்பித்தார்கள். ஊரில் ஒவ்வொருவனையும் சந்தேகப்பட்டே வளர்ந்தவன் நான். என்னை ஒருத்தர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று நாலு வருஷம் மேடை மேடையாகப் பார்த்தேன். ஒரு தடவைகூட எனக்குக் கோபம் வரவில்லை.

அவருடைய கடைசி நிகழ்ச்சியிலும் திரும்பினார். தட்டிக் காட்டினேன். கேட்டார். தலையசைத்துவிட்டுப் பாடினார்.